கெப்புக்கு டயர் மாற்றப் போகிறவர்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்



கொஞ்சம் நீண்ட பதிவு. கெப் வைத்திருப்பவர்களும் வாசிக்கலாம். அவர்களின் வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்களும் வாசிக்கலாம். இரண்டாவது கூட்டம் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாரி தொடங்க இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. விதைப்புக்கு வட்டைக்குப் போய்வரும் ஓட்டம் இனி கூடும். அதனால் இந்த நாட்களில் டயர்க் கடைகளிலும் சனம். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதாலோ என்னவோ, பிள்ளைகளின் வாப்பாமார் கண்ட இடத்தில் நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், கெப்புக்கு ஏ.டி. டயர் போடப் போறன். எந்த பிராண்ட் நல்லம்?"

என்னைக் கேட்டால் பிராண்ட் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்கள் கெப் வருடத்தில் எத்தனை நாள் எந்த வீதியில் ஓடுகிறது என்பது. இரண்டாவது, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்பது. இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி டயர் தெரிவாகிவிடும். நம் பகுதியில் நடப்பது வேறு. கல்யாண ஊர்வலத்தில் போன ஒரு கெப்பின் சில்லு கண்ணுக்கு அழகாக இருந்தது, அதே டயர் நமக்கும் வேண்டும். அவ்வளவுதான் நம் ஆராய்ச்சி.

முதலில் மூன்று வகையையும் விளங்கிக்கொள்வோம்.

எச்.டி. என்பது காபட் வீதிக்கான டயர். கட்டைகள் நெருக்கமாக இருக்கும், இடைவெளி குறைவு. வீதியில் படும் இறப்பரின் பரப்பு கூட. சத்தம் குறைவு, டீசல் குறைவாகக் குடிக்கும், மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

எம்.டி. என்பது சேற்றுக்கான டயர். பெரிய பெரிய கட்டைகள், நடுவே அகன்ற இடைவெளி. சில்லு சுழலும்போது இடைவெளியில் அப்பிய சேற்றை வெளியே எறிவதற்காகச் செய்தது. அதே டயர் நனைந்த காபட் வீதியில் வந்தால், வீதியைப் பிடிக்க இறப்பர் போதாது. சத்தமும் பெரிது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று போனால் வகுப்பில் நான் கதைப்பது பின்வாங்கில் இருப்பவனுக்குக் கேட்காது.

ஏ.டி. இந்த இரண்டுக்கும் நடுவில். கிரவல் வீதியிலும் ஓடும், காபட் வீதியிலும் ஓடும். இரண்டிலும் முதலாம் இடம் வராது, இரண்டிலும் பாஸ் பண்ணும். இதை விளங்கிக்கொண்டு வாங்கினால் ஏ.டி. நல்ல டயர். எல்லாம் செய்யும் மந்திரச் சாமான் என்று நினைத்து வாங்கினால்தான் பிரச்சினை.

இப்போது உங்கள் வீதியைப் பாருங்கள்.

கல்முனையில் கடை, அக்கரைப்பற்றில் வீடு, கிழமைக்கொரு தடவை மட்டக்களப்புப் பயணம் என்றால் உங்கள் வாழ்க்கை முழுக்க ஏ4 வீதியில்தான். உங்களுக்கு எச்.டி. போதும். ஏ.டி. போடுவது மழைக்காலத்தில் பிரேக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, டீசலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து, அழகை வாங்குவது. உங்கள் காசு, உங்கள் விருப்பம். ஆனால் அது தேவை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சம்மாந்துறை, இறக்காமம் பக்கம் வட்டை இருக்கிறது, கிழமைக்கு மூன்று நான்கு நாள் வாய்க்கால் கட்டு வழியே கிரவலில் ஓட வேண்டும் என்றால் ஏ.டி. உங்களுக்குத்தான். கிரவலின் கூர்க்கல் எச்.டி. டயரின் மெல்லிய பக்கச்சுவரைக் கிழித்துவிடும். நல்ல ஏ.டி. டயரில் அந்த இடம் தடிப்பாக இருக்கும். நடு வட்டையில், பசளை மூடையோடு, மழைக்குள் ஜாக்கி அடித்துச் சில்லு மாற்றியவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எம்.டி. யாருக்கு? காட்டுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் தினமும் தொழில் செய்பவருக்கு. நம்மில் அப்படி எத்தனை பேர்?

ஒன்றை நினைவில் வையுங்கள். நம் வயலின் களிமண் ஈரத்தில் பசை மாதிரி. ஏ.டி. டயரின் இடைவெளிகளை அது சில சுற்றிலேயே அடைத்துவிடும். அடைத்த பிறகு எந்த டயரும் மொட்டை டயர்தான். அந்த இடத்துக்குக் கெப்பை இறக்குவதே பிழை. அதற்குத்தான் உழவு இயந்திரம் இருக்கிறது. கெப்பை வரம்போரம் நிறுத்திவிட்டு நடந்து போவதில் மானம் ஒன்றும் போகாது.

மணல் வேறு கதை. பொத்துவில், பாணமைப் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். மணலில் பெரிய கட்டை உதவாது, தோண்டித்தான் விடும். அங்கே உதவுவது காற்றைக் குறைப்பது. இது சாதாரண தரத்தில் நாங்கள் படிப்பிக்கும் அமுக்கப் பாடம்தான். 35 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. ஒரு சில்லில் 475 கிலோ பாரம் இருந்தால், நிலத்தில் படும் பரப்பு ஏறக்குறைய 190 சதுர சென்ரிமீற்றர். காற்றை 18 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாரம் பரவும், சில்லு புதையாது. காசு செலவில்லாத வேலை. ஆனால் காபட் வீதிக்கு ஏற முன்னர் திரும்பக் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகும், வெடிக்கவும் கூடும். காற்றடிக்க வழியில்லாதவர் காற்றைத் திறக்காமல் இருப்பதே நல்லம்.

அடுத்தது, டயரில் எழுதியிருப்பதை வாசிப்பது. படித்தவர்களும் இதை வாசிப்பதில்லை.

265/65 ஆர் 17 112 எஸ் என்று இருக்கிறது என்று வையுங்கள். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. அது நமக்குத் தேவைப்படாது, தேவைப்படவும் கூடாது.

நமக்குத் தேவையானது அந்த 112. அது பாரச் சுட்டெண். 112 என்றால் அந்த ஒரு டயர், சரியான காற்றில், ஆகக்கூடியது 1120 கிலோ தாங்கும். பழைய கெப்புகளில் வரும் 205 ஆர் 16 சி டயரில் 110/108 என்று இருக்கும். தனிச் சில்லாக 1060 கிலோ, இரட்டைச் சில்லாக ஒவ்வொன்றும் 1000 கிலோ.

இப்போது கணக்குப் போடுவோம். அறுவடை முடிந்து 25 மூடை நெல். மூடை 65 கிலோ என்று வைத்தால் 1625 கிலோ. டபள் கெப்பில் பின்பெட்டிப் பாரம் பெரும்பாலும் பின்னச்சில்தான் விழும். வெறும் வண்டியிலேயே பின்னச்சில் சுமார் 800 கிலோ இருக்கிறது. கூட்டினால் 2400 தாண்டும். இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவது 2240. அதற்கு மேல் மூடைகளின் மேலே மூன்று பேர் குந்தியிருப்பார்கள். டயர் வெடித்தால் "கம்பனி சரியில்லை" என்போம். கம்பனி டயரிலேயே எழுதித்தான் தந்திருக்கிறது. நாம்தான் வாசிக்கவில்லை.

டயர் தாங்கினாலும் வண்டி தாங்க வேண்டுமே. டபள் கெப் என்பது ஆட்களோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு தொன்னுக்குச் செய்த வண்டி. பாரம் கூடிய டயர் போட்டுவிட்டதால் வில்லும் அச்சும் பிரேக்கும் பலமாகிவிடாது. மூடை ஏற்றுகிறவர்கள், வாங்கப் போகும் டயரின் பாரச் சுட்டெண் வண்டியோடு வந்த டயரின் சுட்டெண்ணை விடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவு, ஒரே தோற்றம், ஆனால் சுட்டெண் குறைந்த ஏ.டி. டயர்களும் கடையில் இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். மயங்கிவிடாதீர்கள்.

பெரிய அளவு போடுகிற தம்பிமாருக்கு ஒரு கணக்கு. 265/65 ஆர் 17 டயரின் மொத்த உயரம் சுமார் 776 மில்லிமீற்றர். அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர் 17 போட்டால் சுமார் 831. நூற்றுக்கு ஏழு கூட. மானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64இல் ஓடும். பெரிய சில்லை நிறுத்த அதே சின்னப் பிரேக். வளைவில் மட்கார்டில் உரசும், வண்டியின் உயரம் கூடுவதால் சரியும் ஆபத்தும் கூடும். பாடசாலை விடும் நேரத்தில் நம் ஊர்ச் சந்தியில் எத்தனை சைக்கிள் என்று உங்களுக்குத் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டிக்கு அழகு எதற்கு?

பழைய டயர், திகதி பற்றிய விஷயம் இதைவிட முக்கியம்.

டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. டயர் தேயாமலே முதுமையடையும். வெயிலும் சூடும் இறப்பரைக் காயவைத்து வெடிப்பு விழுத்தும். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் பார்க்கச் சொல்கிறார்கள். பத்து வருடம் தாண்டினால், கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள். பல டயர்க் கம்பனிகளே சொல்லும் கணக்கு இது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த வருடங்களில் "இன்னும் ஓடும், இன்னும் ஓடும்" என்று எல்லோரும் தள்ளிப்போட்டோம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, பசளைக்கே காசில்லாத காலம் அது. ஆனால் அன்று தள்ளிப்போட்ட டயர் இன்றும் சில கெப்புகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த டயர் வாங்குகிறவர்களும் முதலில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். பளபளப்பு என்பது பூசுகிற எண்ணெய்.

ரீபில்ட் டயர் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல இடத்தில் செய்த ரீபில்ட் லொறியிலும் பஸ்ஸிலும் பின்னச்சில் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கெப்பின் முன் சில்லுக்குப் போடாதீர்கள். முன் டயர் போனால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

இந்த இடத்தில் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனாஸா வாகனம், நிவாரணத்துக்கு எடுக்கும் கெப் போன்றவை மாதத்தில் சில நாள்தான் ஓடுகின்றன. அதனால் டயர் தேயாது, புதிதுபோலவே இருக்கும். யாரும் மாற்ற நினைப்பதில்லை. ஆனால் வெயிலில் நின்று நின்று உள்ளே கெட்டுப்போயிருக்கும். ஊரார் காசில் வாங்கிய வாகனம் அமானிதம். வாகனத்தில் நன்கொடையாளரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுகிறோம், டயரின் திகதியை ஒரு கொப்பியில் எழுதி வைக்க ஏன் முடியாது?

கடைக்காரர் சொல்லும் சில கதைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கச்சுவரில் மலையும் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருந்தால் அது பனி கொட்டும் நாட்டுக்கான தரம். நுவரெலியாவில்கூட அதற்கு வேலையில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருக்கிறது என்றால் புதிய சோடியைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் நம் ஆட்கள் பிடித்து நிறுத்த மாட்டார்கள். ஃபோர் வீல் போடுகிறவர்கள் நான்கையும் ஒரே அளவில், ஒரே தேய்வில் வைத்திருங்கள். முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் கியர்ப்பெட்டிப் பக்கம் பெரிய செலவு வரும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை சில்லுகளை இடம் மாற்றுங்கள். கட்டைகளின் இடையே சின்ன மேடு ஒன்று இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீற்றர். கட்டை தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் கதை முடிந்தது. மாரியை நம்பி அந்த நிலைவரை கொண்டுபோகாதீர்கள். தண்ணீரை வெளியே தள்ள ஆழம் வேண்டும்.

கடைசியாக, நான் இந்தப் பதிவை எழுதியதற்கான காரணம்.

"ஏ.டி. போட்டிருக்கு, தண்ணிக்குள்ளாலும் போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்வதால் கேட்கிற பிள்ளைகளும் நம்பிவிடுகின்றன.

2024 நவம்பர் 26ஐ நாம் மறந்திருக்க முடியாது. மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. போன பிள்ளைகளையும் மற்றவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அன்று நடந்ததற்கு யார் பொறுப்பு என்று இங்கே நான் கதைக்க வரவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். உழவு இயந்திரத்தின் பின் சில்லு எந்தக் கெப்பின் சில்லையும் விட உயரம். அதன் கட்டையைவிட ஆழமான கட்டை எந்த ஏ.டி. டயரிலும் இல்லை. அதுவே நிற்கவில்லை.

காரணம் எளிது. டயர் நிலத்தைப் பிடிப்பது உராய்வினால். உராய்வு வருவது வண்டியின் பாரம் நிலத்தை அழுத்துவதால். தண்ணீருக்குள் இறங்கினால் மேலுதைப்பு அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. வண்டி ஒரு கன மீற்றர் தண்ணீரை விலக்கினால் ஆயிரம் கிலோ குறைந்த மாதிரி. அகன்ற டயர் நான்கும் முழுக்க மூழ்கினால், அவை மட்டுமே முந்நூறு லீற்றருக்குக் குறையாத தண்ணீரை விலக்கும். அதாவது நீங்கள் பெருமையோடு போட்ட பெரிய டயர் வண்டியை மிதக்கவைக்க உதவி செய்கிறது. பாரம் போனால் உராய்வு போகும், உராய்வு போனால் கட்டை எவ்வளவு ஆழமாக இருந்தும் பிரயோசனமில்லை. பாய்கிற தண்ணீர் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கலாம். 60 சென்ரிமீற்றரில் கெப், ஜீப் போன்றவற்றையும் இழுத்துச் செல்லும். அறுபது என்பது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் கீழே வீதி இருக்கிறது என்றால்தான். கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி உடைந்திருப்பதை எந்த டயரும் சொல்லாது.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். வட்டைக்குப் போகிறவர் ஏ.டி. போடட்டும், வண்டியோடு வந்த அளவில், பாரச் சுட்டெண் குறையாமல், திகதி பார்த்து. காபட் வீதியில் மட்டும் ஓடுகிறவர் நல்ல எச்.டி. போட்டு, மிச்சக் காசை வீட்டுக்கு வைக்கட்டும். எந்த டயர் போட்டவரானாலும் பாய்கிற தண்ணீரைக் கண்டால் வண்டியைத் திருப்பட்டும். முயற்சியைச் செய்துவிட்டுத்தான் தவக்குல். தேய்ந்த டயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிஸ்மி சொல்வது தவக்குல் ஆகாது.

கெப் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பிள்ளை யாருடைய வண்டியில் ஏறிப் போகிறதோ, அந்த டயரை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நல்ல சாரதி கோபிக்க மாட்டார்.

வாசித்து முடித்ததும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஸ்பெயார் சில்லையும் சேர்த்து ஐந்து. இரண்டு நிமிட வேலை. மழை வந்த பிறகு பார்க்க நேரம் கிடைக்காது.

வஸ்ஸலாம்.